வெறும் பெட்டிக்கு முன்னே நடந்தவர்

கண்ணோட்டம் என்று ஒரு நற்குணம் உண்டு. இரக்கம் என்று அதைச் சுருக்கிவிடலாகாது. இரக்கம் வழியில் காணும் எவர்மீதும் பிறக்கும். பிறந்த வேகத்தில் மறந்தும் போகும். கண்ணோட்டமோ, பழகியவர் முகம் கண்ட அளவில் நம் கால் தானாகத் தயங்குவது. அவர் கேளாமலே அவருக்கு வழி விடுவது. விட்டோம் என்பதை நாமே அறியாதிருப்பது. அது வாய்த்த ஒருவர் வீட்டில் இருந்தால் வீட்டுக்கு அழகு, தெருவில் இருந்தால் தெருவுக்கு அழகு. பேருந்து ஓட்டினால் மட்டும் வண்டி தாமதமாகும்.

நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ட்ரெமே பேட்டையில் எவரிஸ்ட் கஸ்பார் ஓட்டிய பேருந்து ஒருநாளும் குறித்த நேரத்துக்கு வந்ததில்லை. ஏறியவர் அமர்ந்து, பையை மடியில் வைத்து, மூச்சு வாங்கி முடித்தார் என்பதைத் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்துத் தெளிந்த பிறகே அவர் வண்டியை நகர்த்துவார். பின்னிருக்கையிலிருந்து அன்றாடம் யாரேனும் ஒருவர் குரல் கொடுப்பார்.

"எவரிஸ்ட் அண்ணே, இன்னிக்கே வேலைக்குப் போய்ச் சேருவேனா, இல்ல நாளைக்குத்தானா?"

"உட்காருங்க கண்ணு. நாளைக்குப் போனாலும் அந்த வேலை அங்கேயேதான் இருக்கும்."

முடிதிருத்தும் கடைக்கு அப்பால், தெரு முனை நிறுத்தத்தில் அவர் நிற்கும் நேரம் மற்ற நிறுத்தங்களைவிட நீண்டது. யூலாலி லபோர்த் என்னும் முதிய அம்மையார் அங்கேதான் ஏறுவார். அவர் வீடு கடைக்குச் சற்று முன்னால். பேருந்து முனையில் வந்து நிற்கும்போது, அம்மையார் பெரும்பாலும் முடிதிருத்தும் கடை வாசலை அடைந்திருப்பார். அங்கிருந்து கைத்தடியை ஊன்றி ஊன்றி அவர் படிக்கு வந்து சேரும்வரை எவரிஸ்ட் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார். அந்த நடை எத்தனை நேரம் எடுக்கும் என்பது அவருக்கு ஜெபமாலை மணிபோல் விரலில் பழகியிருந்தது.

ஆயினும் பேட்டையார் அவரைப் பேருந்தை வைத்து மதிக்கவில்லை. சவ ஊர்வலத்தின் மார்ஷல் என்றே மதித்தார்கள். இறந்தவரை மாதா கோயிலிலிருந்து வாத்தியத்தோடு அழைத்துச் செல்லும்போது எல்லோருக்கும் முன்னே நடப்பவர் மார்ஷல். கறுப்புக் கோட்டு, மார்பின் குறுக்கே பொன்னிழை வைத்த பட்டை, வெள்ளைக் கையுறை, நெஞ்சோடு அணைத்துப் பிடித்த தொப்பி. ஓர் அடி எடுத்து, அதை வைக்கலாமா வேண்டாமா என்று காற்றில் ஒருகணம் எண்ணி, பிறகே வைக்கும் நடை. அவர் நடைக்குப் பேண்டு வாசிக்கும். பேண்டின் பின்னே வண்டி. வண்டியின் பின்னே குடும்பம். குடும்பத்தின் பின்னே, அழைத்தாலும் அழைக்காவிட்டாலும், ஊர். முனை வரும்வரை துயரப் பாட்டு மட்டுமே. அங்கே ஊர்வலம் நின்று, வண்டியை மட்டும் போகவிட்டு இறந்தவருக்கு விடை கொடுப்பார்கள். விடை கொடுத்த பிறகு துள்ளல் பாட்டு எழும், குடைகள் விரியும், அழுத கண்ணோடு ஊர் ஆடும். விடை கொடுக்குமுன் ஒரு கால் துள்ளினாலும் பேட்டை பொறுக்காது.

மார்ஷலுக்கு முன்னால் எவரும் நடக்கலாகாது என்பதில் எவரிஸ்ட் கடுமையானவர். ஒருமுறை நகரசபை உறுப்பினர் ஒருவர் படம் எடுப்பவரைக் கண்டு முன்னே வந்துவிட, அவர் முழங்கையைப் பூவைப்போல் பற்றி, ஒரு சொல்லும் சொல்லாமல், குதிரைகளுக்குப் பின்னே கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தார். குதிரைகளுக்குப் பின்னே நடந்த அந்த உறுப்பினரின் காலணியைப் பற்றிப் பெருமுரசு அடிக்கும் அல்சே இன்றுவரை பேசுகிறார்.

இன்னொரு வழக்கமும் எவரிஸ்டுக்கு உண்டு. அதை அவரே அறியார், அவர் மனைவி ஓதெல் மட்டுமே அறிவாள். முதலடி வைக்குமுன் தலையைச் சற்றே திருப்பித் துக்கத்தோடு வந்தவர்களை ஒருமுறை பார்ப்பார். அவர்களுள் மிக மெல்ல நடக்கக்கூடியவர் யாரோ, அவருடைய கால் அன்றைக்கு எவரிஸ்டின் கால் ஆகிவிடும்.

யூலாலி அம்மையாரின் கணவர் நார்சிஸ் லபோர்த் ட்ரம்பெட் கலைஞர். அந்தத் தெருவில் ஊதத் தொடங்கி, கடல் கடந்து, கோபன்ஹேகனில் பேர் பெற்று, மனைவியை அழைத்துக்கொள்ள நினைத்திருந்த குளிர்காலத்தில் அங்கேயே இறந்தவர். நான்கு பேர் பெட்டியைச் சுமந்துபோய்ப் பனிக்குள் இறக்கிவிட்டுக் கையுறையைத் தட்டிக்கொண்டு திரும்பினார்களாம். வாத்தியம் இல்லை, முன்னே நடக்க ஆளில்லை. யூலாலி அம்மையார் கறுப்புப் பட்டில் ஓர் உடை தைத்துக்கொண்டு ஊர்வலச் சங்கத்தாரிடம் வந்து, இங்கேயாவது அவரை அழைத்துச் செல்லுங்கள் என்று கேட்டார். உடல் இல்லாமல் ஊர்வலம் வழக்கமில்லை என்று சங்கத்து மூத்தவர்கள் கைவிரித்தார்கள். எவரிஸ்ட் அப்போதுதான் பட்டை வாங்கியிருந்தார். அவருடைய முதல் ஊர்வலமாக இருந்திருக்க வேண்டியது அது. அன்று முதல் அம்மையார், கணவரைப் பற்றி யார் கேட்டாலும், "அவன் இன்னும் ஊர் போய்ச் சேரல" என்றுதான் சொல்லி வந்தார். பட்டுடை பெட்டியிலேயே கிடந்தது.

பல்லாண்டுகளுக்குப் பின்பு லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து டெஸ் கால்வர்ட் என்னும் இளம்பெண் இயக்குநர், நார்சிஸின் வாழ்வைப் படமாக எடுக்க வந்தாள். இசைக்கலைஞரின் கதை என்றால் கடைசியில் ஒரு பெரிய கச்சேரி வேண்டும் என்று பணம் போட்டவர்கள் சொன்னார்களாம். அவள் கச்சேரிக்குப் பதிலாக ஒரு சவ ஊர்வலத்தை எழுதி வைத்திருந்தாள். கோபன்ஹேகனில் நடக்காததை ட்ரெமேயில் நடந்ததாகக் காட்டப் போகிறாள். முன்னே நடக்க எவரிஸ்டையே கேட்டாள்.

செய்தி தெருவில் பரவிய அன்று மாலையே யூலாலி அம்மையார் எவரிஸ்டின் வீட்டுக் கதவைக் கைத்தடியால் தட்டினார்.

"பெட்டிக்குள்ள யாரு இருக்கப்போறா?"

"யாரும் இல்ல மிஸ் யூலாலி. கனம் தெரியணும்னு மணல் மூட்டை வைப்பாங்களாம்."

"அன்னிக்கு உடம்பு இல்லேன்னு கையை விரிச்சீங்க."

"அன்னிக்குப் பெட்டியும் இல்லையே."

"எந்த ஊர் மணல்?"

"நம்ம ஆத்து மணல்தான்."

"அப்ப சரி" என்றார் அவர். "அந்த ஆத்தங்கரையிலதான் அவன் ஊதிப் பழகுனான். முனைவரைக்கும் ஒழுங்காக் கூட்டிட்டுப் போ. வழியில விட்டுட்டு வந்தேன்னா உன் பஸ்ல இனிமே ஏறமாட்டேன்."

"ஏறலேன்னா வண்டி நேரத்துக்குப் போகும், மிஸ் யூலாலி" என்று உள்ளிருந்து ஓதெல் சொன்னாள். மூவரும் சிரித்தார்கள். ஆனால் அன்று இரவு எவரிஸ்ட் பட்டையை எடுத்துத் தானே தேய்த்தார், ஓதெல்லிடம் கொடுக்கவில்லை.

படப்பிடிப்பு நாள், பேட்டையார் இறைச்சி தொடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமையாக வாய்த்தது. படக்குழுவார் தெருவுக்கெல்லாம் பன்றி இறைச்சி வைத்த ரொட்டி கொண்டுவந்து அடுக்க, எண்ணிறந்த பேட்டையார் அதைச் சுற்றி நின்று மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லவேளையாக ஓதெல் பெரிய பாத்திரத்தில் கம்போ என்னும் கீரைக் குழம்பு கொதிக்க வைத்திருந்தாள். ஊர்வலத்தின் பின்னே ஆடிவரும் கூட்டமாக நடிக்க அத்தெருவாரையே அமர்த்தியிருந்தபடியால், நடிப்பவர்கள் எல்லோரும் ஓதெல்லின் வாசலிலேயே சாப்பிட்டார்கள். வெள்ளைக் குதிரைகள் பூட்டிய பழைய சவவண்டி கோயில் வாசலில் நின்றது. டெஸ் கால்வர்ட், மிஸ் யூலாலிக்கென்று காமிராத் திரையின் அருகே மெத்தை வைத்த நாற்காலி ஒன்று போட்டிருந்தாள். அம்மையார் அந்தக் கறுப்புப் பட்டை உடுத்து வந்து, நாற்காலியைப் பார்த்து நன்றி சொல்லி, அதில் தம் கைப்பையை உட்கார வைத்துவிட்டு நடைபாதைக்குப் போய்விட்டார்.

டெஸ் எல்லோரையும் கூட்டி முறையை விளக்கினாள். பாட்டு முன்பே பதிவு செய்யப்பட்டது. அது ஒலிபெருக்கியில் வரும். பேண்டுக்காரர்கள் ஊதுவதுபோல் பாவனை செய்தால் போதும். குழல்களுக்குள் துணி திணிக்கப்பட்டது. பெருமுரசின்மேல் தடித்த கம்பளி கட்டப்பட்டது. கோயில் வாசலில் துயரப் பாட்டுத் தொடங்கும். அது முடிகையில் ஊர்வலம் முனைக்கு வந்திருக்க வேண்டும். உடனே துள்ளல் பாட்டு, குடைகள், ஆட்டம். தெரு மாலைவரைதான் தங்களுடையது என்றும் சொன்னாள்.

"வாயைக் கட்டிட்டு விருந்து சாப்பிடச் சொல்ற மாதிரி இருக்கும்மா" என்றார் அல்சே.

"நீங்க சாப்பிடுற மாதிரி நடிச்சாப் போதும்" என்றாள் டெஸ். அல்சேவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

முதல்முறை புறப்பட்டார்கள். எவரிஸ்ட் தொப்பியை நெஞ்சில் அணைத்தார், தலையைச் சற்றே திருப்பினார், அடி வைத்தார். அவர் நடை அன்று கண்டவர் கண்ணைப் பனிக்கச் செய்யும்படி இருந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு முன்னே முன்னே போயிற்று. எவரிஸ்ட் பின்னே பின்னே வந்தார். வண்டி முடிதிருத்தும் கடையையே எட்டாத நிலையில் துயரப் பாட்டு முடிந்துபோய், துள்ளல் பாட்டு வெடித்துக் கிளம்பியது.

ஒருவரும் அசையவில்லை. ஆடுவதற்கென்று கூலி பேசி வந்த அத்தனை பேரும் மடக்கிய குடையோடு, கோயிலில் நிற்பதுபோல் நின்றார்கள். குதிரை ஒன்று மட்டும் தலையை ஆட்டியது.

"ஆடுங்க, ஏன் யாரும் ஆடல?" என்று டெஸ் ஒலிபெருக்கியில் கேட்டாள்.

அல்சே தொப்பியைத் தூக்கிப் பணிவாகச் சொன்னார். "அவரு இன்னும் போகலையேம்மா."

"யாரு?"

"நார்சிஸ்."

"பெட்டிக்குள்ள மணல்தானே இருக்கு, மிஸ்டர் அல்சே?"

"எங்களுக்கும் தெரியுமே. மூட்டையைத் தூக்கி வச்சதே நான்தான். அதுக்காக முனைக்கு முன்னாடி எப்படி ஆடுறது?"

டெஸ் கோபக்காரி அல்லள். இறங்கி வந்து எவரிஸ்டின் அருகே நடந்துகொண்டே கேட்டாள். "மிஸ்டர் கஸ்பார், உங்க நடை மாதிரி நான் பார்த்ததில்ல. அதையே கொஞ்சம் சீக்கிரமா நடக்க முடியுமா?"

"முடியும் கண்ணு. பாட்டோட வந்துடறேன்" என்றார் எவரிஸ்ட். மெய்யாகவே எண்ணித்தான் சொன்னார்.

இரண்டாம் முறை வழியில் பாதிவரை பாட்டோடுதான் வந்தார். பிறகு அவர் கால் தன்னிச்சையாகத் தளர்ந்தது. எங்கோ ஒரு கயிறு பின்னின்று இழுப்பதுபோல் இருந்தது. மூன்றாம் முறையும் அவ்வாறே. துள்ளல் பாட்டு நடுத்தெருவில் தனியாகத் துள்ளிவிட்டு அடங்கியது. பேட்டையார் அதை இரங்கத்தக்க ஒரு விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். வெயில் கோயில் கோபுரத்தின் பின்னே சாயத் தொடங்கிற்று.

இடைவேளையில் ஓதெல் கம்போக் கிண்ணத்தைக் கணவர் கையில் திணித்தாள்.

"யாரைப் பார்த்து நடக்கிற நீ?"

"யாரையும் பார்க்கல. நேராத்தான் பார்க்கிறேன்."

"பஸ்ஸுலயும் இப்படித்தான் சொல்லுவ. ஒவ்வொரு தடவையும் கடைப்பக்கம் வந்ததும் உன் கழுத்து திரும்புது. அங்க பாரு."

எவரிஸ்ட் பார்த்தார். வேடிக்கை பார்ப்பவரைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால், நடைபாதையில், கறுப்புப் பட்டில் யூலாலி அம்மையார் நின்றிருந்தார். ஒவ்வொரு முறையும் வண்டியோடு கூடவே தடி ஊன்றி நடந்திருக்கிறார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், ஆனால் அடுத்த முறைக்கும் ஆயத்தமாகத் தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"போய் உட்காரச் சொல்லு" என்றாள் ஓதெல்.

"புருஷன் பெட்டி பின்னாடி நடக்காதேன்னு எப்படிச் சொல்றது?"

"உன்னாலயும் சொல்ல முடியாது. என்னாலயும் முடியாது" என்றாள் ஓதெல். "அதான் உனக்குக் கம்போ கொண்டுவந்தேன்."

அப்போது டெஸ் வந்தாள். அவள் முகம் வாடியிருந்தது; சொல் மட்டும் மென்மையாக இருந்தது. "மிஸ்டர் கஸ்பார், வெளிச்சம் இன்னொரு தடவைக்குத்தான் வரும். நாளைக்கு இந்தத் தெரு எனக்குக் கிடையாது. இந்தத் தடவையும் வரலேன்னா படத்தை ஆஸ்பத்திரி ஜன்னலோட முடிச்சுடுவேன். வெளியில பனி பெய்யற மாதிரி. அதை ஏற்கெனவே எடுத்து வச்சிருக்கேன்."

அவள் போனபின் எவரிஸ்ட் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். மறுபடியும் பனி. மறுபடியும் முன்னே ஆளில்லாமல் நார்சிஸ் போகப் போகிறார். அதுவும் இம்முறை ஊருக்கெல்லாம் தெரியும்படி, திரையில், தம்முடைய காலாலேயே. இனி எந்தச் சங்கத்தாரையும் காரணம் காட்ட முடியாது.

அவர் கயிற்றண்டை போனார்.

"மிஸ் யூலாலி, கால் வலிக்குதா?"

"வலிக்காம? நாலாவது தடவையும் இவன்கூட நடக்கணும்னு இருக்கு. என்ன, என்னால படம் கெடுதா?"

"என்னாலதான் கெடுது."

"பொய் சொல்லாத. நான் உட்காருற வரைக்கும் கண்ணாடியில பார்க்கிறவன்தானே நீ. இங்கயும் அதையே பண்ணிக்கிட்டு இருக்க."

எவரிஸ்ட் தொப்பியைக் கையில் சுழற்றினார். உட்காருங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். அம்மையார் அதை அவர் முகத்திலேயே படித்துவிட்டார்.

"உட்காரமாட்டேன்" என்றார். "ஆனா எனக்கு ஒண்ணு தோணுது. அந்த ஆளு பின்னாடி நான் என்னிக்கு நடந்தேன்? கல்யாணத்துக்கு முன்னாடி அவன்தான் என் பின்னாடி வந்தான், ட்ரம்பெட் பெட்டியைத் தூக்கிக்கிட்டு, இந்தத் தெரு முழுக்க. திரும்பிப் பார்த்தா மரமே இருக்காது, ஆனா மரத்துக்குப் பின்னாடி ஒளியற மாதிரி நிப்பான். ஒரே ஒரு தடவை எனக்கு முன்னாடி போனான், கோபன்ஹேகனுக்கு. அதுதான் தப்பாப் போச்சு."

"அதனால?"

"அதனால நான் முன்னாடி போறேன். நீ அவனை என் பின்னாடி கூட்டிட்டு வா."

மார்ஷலுக்கு முன்னால் எவரும் நடக்கலாகாது. நகரசபையாரையே குதிரைக்குப் பின்னே அனுப்பியவர் அவர். அந்த ஒரு முறையின்மேல்தான் அவர் பெருமை முழுதும் நின்றது. ஒருகணம் அவர் கால், காற்றில் நிற்பதுபோல், எண்ணியபடி நின்றது. பிறகு வலக்கையின் வெள்ளைக் கையுறையைக் கழற்றி, கயிற்றைத் தூக்கி, வெறுங்கையை அம்மையாருக்கு நீட்டினார்.

அவரை நடுத்தெருவுக்கு அழைத்துக்கொண்டு வந்து எங்கே நிறுத்துவது என்பதில் எவரிஸ்டுக்கு ஐயமே இல்லை. முடிதிருத்தும் கடை வாசலுக்கு நேரே நிறுத்தினார். அங்கிருந்து முனைவரை அம்மையார் நடக்கும் நேரம் அவருக்கு மனப்பாடம் அல்லவா. துயரப் பாட்டை மூன்று முறை கேட்டிருந்தார். அதன் எந்த அடி ஒலிக்கையில் அம்மையார் புறப்பட வேண்டும் என்பதையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டார்.

"பாட்டுல மூணாவது அடி ஆரம்பிக்கும்போது கிளம்புங்க. நான் கதவைத் திறந்து வச்சுக் காத்திருக்கிற மாதிரி நினைச்சுக்குங்க."

"அப்ப மெதுவாவே வருவேன்" என்றார் அம்மையார்.

டெஸ் ஓடி வந்தாள். "முன்னாடி யாரும் போகக்கூடாதுன்னு காலையில நீங்கதானே சொன்னீங்க, மிஸ்டர் கஸ்பார்?"

"ஆமா கண்ணு. ஆனா இவங்க யாரோ இல்லையே. இவங்க முன்னாடி போனா நான் சரியா வந்துடுவேன்."

"பின்னாடி மனைவியா ஒருத்தங்க நடிக்கிறாங்க. முன்னாடி இது யாருன்னு படம் பார்க்கிறவங்க கேப்பாங்களே."

"கேக்கட்டும்மா" என்றார் அல்சே. "எங்க பேட்டையில எந்தச் சாவுலயும் யாருன்னே தெரியாத ஒருத்தராவது வருவாங்க."

டெஸ் வெயிலைப் பார்த்தாள். அம்மையாரின் கறுப்புப் பட்டைப் பார்த்தாள். அதில் மடிப்புகள் பெட்டியில் கிடந்தபடியே நின்றிருந்தன. "இந்த டிரெஸ் எப்ப தச்சீங்க?" என்று கேட்டாள்.

"அவன் செத்தப்ப."

டெஸ் காமிராவுக்குத் திரும்பிப் போனாள்.

நான்காம் முறை பாட்டுத் தொடங்கியது. எவரிஸ்ட் வழக்கம்போல் முதலடி வைக்குமுன் தலையைத் திருப்பப் போனார். திருப்ப வேண்டியிருக்கவில்லை. அன்றைய மெதுவான நடை கண்ணுக்கு நேரே, தெருவின் நடுவே, முதுகு காட்டி நின்றது. அதை அடைய வேண்டும், அதை முந்தலாகாது. அவர் கால் தயங்கித் தயங்கியே முன்னேறியது. ஆயினும் இம்முறை கயிறு பின்னிருந்து இழுக்கவில்லை, முன்னிருந்து இழுத்தது. மூன்றாம் அடி தொடங்கியபோது அம்மையார் தடியை ஊன்றிப் புறப்பட்டார். பட்டுடை சாலையில் உரசிற்று. பின்னே மார்ஷல், பேண்டு, வெள்ளைக் குதிரைகள், ஆற்றுமணல் நிறைந்த பெட்டி, நடித்து அழும் இளம் மனைவி, நடிக்காமல் அழும் ஊர்.

முனைக்குச் சற்று முன்னதாகவே வந்துவிட்டார்கள். அம்மையார் அன்று வழக்கத்தைவிட விரைந்திருந்தார் போலும். பாட்டில் கடைசி அடி இன்னும் மிச்சம் இருந்தது. எவரிஸ்ட் அதை நிரப்பும் முறை அறிந்தவர். நின்றார், திரும்பினார், வண்டியை நோக்கித் தலை தாழ்த்தினார். பேண்டு இருபுறமும் பிரிந்து வழி விட்டது. குதிரைகள் மெல்ல நடந்து வந்தன. யூலாலி அம்மையார் வண்டியின் கண்ணாடிப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"போ" என்றார், "போதும், நான் பின்னால வர்றேன்."

வண்டி கடந்து போயிற்று. துயரப் பாட்டு அடங்கியது. எவரிஸ்ட் தொப்பியைத் தலையில் கவிழ்த்துப் பட்டையைச் சரிசெய்து, வானத்தை ஒருமுறை பார்த்தார்.

ஒலிபெருக்கியில் துள்ளல் பாட்டு எழுந்ததும் குடைகள் எல்லாம் ஒன்றாக விரிந்தன. அதுவரை படக்குழுவின் சொற்படி நடந்த பேண்டுக்காரர்கள் அந்த நொடியில் சொல் மறந்தார்கள். ட்ரம்பெட்டிலிருந்து ஒரு துணி பறந்தது. பெருங்குழலிலிருந்து ஒரு போர்வையே வந்தது. அல்சே கம்பளியைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். பதிவு செய்த பாட்டு ஒரு சுருதியில் போக, பேண்டு வேறொரு சுருதியில் புகுந்து அதை விழுங்கிற்று. ஒலிப்பதிவாளர் காதுக்கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். டெஸ் நிறுத்தச் சொல்லவில்லை. எவரிஸ்ட் ஆடினார், மெல்ல நடப்பதற்கே பிறந்தவர் என்று நினைத்திருந்தவர்கள் வாய் திறந்து நின்றார்கள். ஓதெல் கரண்டியோடு ஆடினாள். தெருவைத் திறந்துவிட வந்திருந்த காவலர், தெருவை அடைத்திருந்த கூம்புகளை எடுப்பதற்குப் பதில் அவற்றைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்ததாக அல்சே சாதிக்கிறார்.

படம் அடுத்த ஆண்டு வந்தது. பேட்டையார் திரையரங்கை நிறைத்துக்கொண்டு, படம் ஓடும்போதே அதைத் திருத்தினார்கள்.

"நார்சிஸ் இந்தத் தொப்பியை எந்தக் காலத்துல போட்டான்?"

"விரலைப் பாரு. பாட்டு மேல போகுது, விரல் கடையில மீன் பொறுக்குது."

யூலாலி அம்மையார், திரையில் தம்மைப்போல் நடித்த அழகி நான்காம் முறை விம்மியபோது, "இவ்வளவு நான் அழுததே இல்ல. திட்டத்தான் திட்டினேன்" என்று உரக்கச் சொன்னார்.

ஊர்வலம் வந்ததும் அரங்கம் அடங்கியது. திரையில் முதலில் தெரிந்தது கறுப்புப் பட்டு உடுத்த ஒரு முதியவர். யார் என்று படம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னே, தெளிவில்லாமல், ஒரு பொன்னிழைப் பட்டையும் நெஞ்சோடு அணைத்த தொப்பியும் அசைந்து வந்தன. எவரிஸ்டின் முகம் எங்கும் தெரியவில்லை.

"உன் தொப்பி நல்லா நடிச்சிருக்கு" என்று ஓதெல் அவர் காதில் சொன்னாள்.

எவரிஸ்ட் தலையைச் சற்றே திருப்பி, இரண்டு இருக்கை தள்ளி அமர்ந்திருந்த அம்மையாரைப் பார்த்தார். அவர் கண் திரையில் இருந்தது. உள்ளங்கை, முன்னிருக்கையின் முதுகில், கண்ணாடியைத் தொடுவதுபோல் பதிந்திருந்தது.

அரங்கை விட்டு வெளியே வரும்போது டிக்கெட் கிழிக்கும் பெண், நார்சிஸின் மனைவி இவர்தான் என்று யாரோ சொல்லக் கேட்டு, "உங்க வீட்டுக்காரரு இப்ப எங்க இருக்காரும்மா?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டாள்.

"ஊர் போய்ச் சேர்ந்துட்டான், கண்ணு" என்றார் யூலாலி அம்மையார். "நல்ல ஆளு கூட்டிட்டுப் போனாரு."

மறுநாள் திங்கட்கிழமை. வீடுகளிலெல்லாம் திங்கள்தோறும் வேகும் சிவப்பு பீன்ஸின் மணம் தெருவை நிறைத்திருந்தது. பேருந்து முனையில் வந்து நின்று, கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தது. பின்னிருக்கையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். முடிதிருத்தும் கடை வாசலில் கைத்தடி ஒன்று தெரிந்தது.

நடக்க இயலாதார் நடைக்குத் தன் நடையை ஒப்புக்கொடுத்த அந்தப் பெருமகன் இல்லம் நெடிது வாழ்க. அவ்வில்லத்து அடுப்பில் கம்போ வற்றாதிருக்க. ஓதெல்லின் நாவில் கேலி குறையாதிருக்க. வாசலைத் தட்டும் கைத்தடிகளுக்கு அக்கதவு என்றும் திறந்திருக்க. அவ்வீட்டார் எவரும், எக்காலத்தும், முன்னே ஓர் ஆளில்லாமல் எவ்வழியும் செல்லாதிருக்க இறைவன் அருள்வானாக.